நடந்தால் மட்டும் விட்டுப்போகுமா?

நாகேஸ்வர ராவ் பூங்காவைத் தினம் ஆறு சுற்று நடந்தால் சிகரெட் தானாக விட்டுப்போகுமாம். பெண்களுக்கு மருந்தும் ஆலோசனையும் எதற்கு என்கிறார் நண்பர். அவர் புகைத்ததே இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபம்.

நான் புகைத்தவள். மயிலாப்பூரில் எனக்கு வாய்த்த இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவு. காலை நடை என்பது வீட்டார் கண்ணில் படாமல் கிடைக்கும் இருபது நிமிடம். பூங்கா போகும் வழியிலேயே பெட்டிக்கடை. சில்லறையாக ஒன்று கேட்டால் கடைக்காரர் தருவார், பற்றவைக்க லைட்டரும் கட்டித் தொங்கும். இந்த வழியாகத்தான் என்னை நடக்கச் சொல்கிறார் நண்பர்.

பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் பெஸ் மார்கஸ் குழு 281 பெண்களிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் மூன்று நாள் மூச்சிரைக்கப் பயிற்சி செய்தவர்களில் ஓராண்டு கழித்தும் சிகரெட்டைத் தொடாதவர்கள் 11.9 சதவீதம், மற்றவர்களில் 5.4. இரட்டிப்புதான். நூற்றில் மீதி 88 பேர்? போகட்டும், அங்கே இரு தரப்புக்கும் ஆலோசனை வகுப்பு இருந்ததே, ஆலோசனை எதற்கு என்னும் நண்பர் அதை ஏன் விழுங்கிவிட்டார்? 2019இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நீண்டகாலப் பலனுக்கு ஆதாரம் சிக்கவில்லை.

வேகநடை ஒன்றைச் செய்யும்: கை பரபரக்கும் அந்தச் சில நிமிடங்களைக் கடத்திவிடும். கூடவே 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கமும் புகையிலையை விட ஆலோசனை தரும் 1800-11-2356 என்ற இலவச எண்ணும் இருக்கட்டும். போன் பேசவும் அந்தத் தண்ணீர்த் தொட்டி மறைவுதான் வசதி.