‘ஆயில் ஒழுகவில்லையே, பிறகென்ன?’

பிரேக் பேட் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போதுதான் கலிப்பர் பிஸ்டனைச் சுற்றியுள்ள தூசி ரப்பர் கிழிந்திருப்பது கண்ணில் படும். செலாயாங் பக்கத்துப் பட்டறைகளில் அதற்குப் பலர் கேட்டுப் பழகிய பதில்: “ஆயில் ஒழுகல, அப்படியே ஓட்டலாம்.” இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எவையும் நிற்பதில்லை.

“ஆயிலைத் தடுப்பது வெளி ரப்பர் இல்லை.” உண்மைதான், அது உள்ளே இருக்கும் சதுர சீலின் வேலை. மிதிக்கும்போது பிஸ்டனோடு சற்றே வளைந்து, காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பதும் அந்தச் சீல்தான். ஆனால் வெளி ரப்பர் கிழிந்தால் மழைநீரும் பேட் தூளும் உள்ளே போகும். இரும்புப் பிஸ்டன் துருப்பிடிக்கும், இறுகும், திரும்பி வராது. பேட் ஒரு பக்கம் மட்டும் தேயும், கார் ஒரு பக்கம் இழுக்கும், சக்கரம் கொதிக்கும். துரு உள் சீலை அறுத்த பிறகே ஆயில் ஒழுகும். ஒழுகுவது கடைசி அறிகுறி.

“கொஞ்சம் கிரீஸ் பூசினால் போதும்.” சாதாரண பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிப் பாழாகும். பிரேக் ரப்பருக்கென்றே விற்கும் கிரீஸும் கிழிசலை அடைக்காது.

“ஹாஃப் கட் கடையில் முழுக் கலிப்பரே கிடைக்கும்.” கிடைக்கும். ஆனால் அது பழைய காரிலிருந்து கழற்றியது, அதிலுள்ள ரப்பரும் பழையதுதானே?

“புஸ்பாகோமில் பாஸ் ஆனதே.” மலேசியாவில் சொந்தக் கார்கள் ஆண்டுதோறும் அந்த வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போவதில்லை, பெரும்பாலும் பெயர் மாற்றும்போதுதான். ரோலர் காட்டுவது அன்றைய பிரேக் விசையை. ரப்பரின் நிலையை அல்ல.

“மெதுவாக ஓட்டுகிறவருக்கு என்ன ஆபத்து?” கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் எப்படியும் சூடாகும். இறுகிய பிஸ்டன் ஓயாமல் உரசி அந்தச் சூட்டைக் கூட்டும். டாட் 3 பிரேக் ஆயிலின் தரம் கேட்கும் கொதிநிலை, புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியதற்கு 140 டிகிரிதான். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சாகிவிடும்.

சீல் மாற்றுவது நேரம் பிடிக்கும் வேலை என்பது மெய். பிஸ்டனை வெளியே எடுத்து, சீல் அமரும் பள்ளத்தைச் சுத்தம் செய்து, இரண்டு ரப்பரையும் புதிதாகப் போட்டு, காற்றெடுக்க வேண்டும். பட்டறைகளின் தயக்கத்துக்கு உண்மைக் காரணம் இந்த நேரமே. அதற்கு உரிய கூலியைக் கொடுத்துவிடலாம். பிஸ்டன் வழவழப்பாக இருந்தால் சீல் கிட் போதும். குழி விழுந்திருந்தால் பிஸ்டனையும் மாற்றச் சொல்லுங்கள். இடம், வலம் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.