சிவப்பழகு டப்பாவுக்குள் பாதரசம்!

"டாக்டர், காலு வீங்கிப் போச்சு. காலையில எந்திரிச்சா முகமும் உப்பிக் கிடக்கு" என்று ஒரு கல்லூரி மாணவியை அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். சோகையோ என்று பார்த்தேன். இல்லை. நெருஞ்சில் குடிநீர் எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது வீக்கம் கூடியிருந்தது. "யூரின் நுரை நுரையா போகுது டாக்டர்" என்றாள். சோதித்துப் பார்த்தால், சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது!

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "முகத்துக்கு என்னம்மா போடுறே?"

கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். தயாரித்தவர் முகவரி இல்லை. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. "ஃபேன்ஸி ஸ்டோர்ல வாங்கினேன். பத்தே நாள்ல கலர் வந்துடுச்சு!"

உடனே சிறுநீரக நிபுணரிடம் அனுப்பினேன். ரத்தத்தில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. க்ரீமை நிறுத்தி, அவருடைய சிகிச்சையில் சில மாதங்களில் தேறிவிட்டாள். நான் கோட்டைவிட்ட அந்த மூன்று வாரம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இது எங்கோ ஒரு வீட்டில் நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த, புரதம் ஒழுகும் ஒருவகை சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அரிதான ஒரு பிரிவு நோய். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்!

ஏன் இப்படி? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாவதைப் பாதரசம் தடுத்துவிடுகிறது. 'பத்து நாள் அதிசயம்' இதுதான். ஆனால் பூசிய பாதரசம் தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்கி, அங்குள்ள வடிகட்டியைக் கெடுக்கிறது. நரம்பைத் தொட்டால் கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல். பூசியவர் துடைத்த துண்டு, படுத்த தலையணை, கொஞ்சிய குழந்தை... எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

"நீங்க மட்டும் ரசம் போட்டு மருந்து செய்யலையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. க்ரீமில் கலக்கிற காலோமெல்தான் எங்கள் சித்த மருத்துவத்தில் 'பூரம்'. பாளையங்கோட்டையில் படித்தபோது குணபாட வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே, 'சுத்தி செய்யாமல் தொடாதே' என்பதுதான். அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, பத்தியம் உண்டு, பக்கத்தில் வைத்தியர் உண்டு. அப்படியும் கவனமாக இருக்க வேண்டிய சரக்கு அது. அதை ஒரு பெண் மாதக்கணக்கில் தினம் இரண்டு வேளை முகத்தில் தேய்த்தால்? அதன் குணம் தெரிந்ததால்தான் எனக்குப் பயம் அதிகம்! சித்த மருந்தும் இதற்கு விலக்கல்ல. உரிம எண் இல்லாத செந்தூரம், பஸ்பம் எதையும் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ல் வந்த அழகுசாதன விதிகளின்படி முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆனால் முகவரியே இல்லாத டப்பாவை யார் சோதிப்பது? நாம்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது கவனியுங்கள்

தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல் மூன்றும் இல்லாவிட்டால் வேண்டாம். மெர்குரி, காலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு என்று எந்தப் பெயரில் இருந்தாலும் வேண்டாம். 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தால் உஷார்! பாதரசம் உலோகத்தைப் பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்ததாக இருந்தாலும் இதே கண்டிப்புதான்.

அப்படியானால் முகத்துக்கு என்ன போடுவது?

பாசிப்பயறு கால் கிலோ. கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் வகைக்கு 25 கிராம். நிழலில் உலர்த்தி அரைத்துச் சலித்து, தண்ணீரில் குழைத்துத் தேய்த்துக் குளியுங்கள். முதலில் முழங்கை மடிப்பில் தடவி, ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சிலர் கார்போகரிசியும் சேர்ப்பார்கள். வெயிலில் போகிறவர்களுக்கு அது வேண்டாம், பூசிய இடம் புண்ணாகிக் கறுத்துவிடும். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனாலும் இதே கதிதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த மாவு அழுக்கை நீக்கும், தோலை மிருதுவாக்கும். நிறத்தை மாற்றாது. மாற்றுவதாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் சித்த வைத்தியராகவே இருந்தாலும்! கழுத்து மடிப்பில் மட்டும் கறுப்பாகத் தடித்திருந்தால் க்ரீமைத் தேடாதீர்கள், சர்க்கரையைச் சோதியுங்கள்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "இப்படிக் கறுத்துப் போயிட்டியே, உன்னை யார் கட்டிக்குவா?" என்று மகளிடம் சொல்லாதீர்கள். அந்தக் கல்லூரி மாணவி டப்பாவை வாங்கப் போனது விளம்பரத்தைப் பார்த்து அல்ல. வீட்டில் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.