கொரோனா வந்து போன பிள்ளையை மறுபடி வீட்டில் அடைக்கலாமா?

ஒரு பிள்ளைக்குக் கொரோனா வந்து குணமாகிவிட்டது. பள்ளிக்குப் போக ஆரம்பித்து நாலு வாரம்தான் ஆகிறது. அதற்குள் பக்கத்தில் உட்காரும் நண்பனுக்குத் தொற்று. நம் பிள்ளைக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. அவன் மறுபடி பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டுமா, வேண்டாமா?

"முடிந்துபோன கதையை இப்போது ஏன் கிளறுகிறாய்?" என்று கேட்பீர்கள். அடுத்து ஒரு தொற்றுநோய் வந்தால் இதே கேள்வி வரும். அப்போது நிதானமாக யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் இப்போதே யோசித்து வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நோய் உள்ளவர் தனித்திருப்பது வேறு, நோயாளியின் அருகில் இருந்தவர் தனித்திருப்பது வேறு. முதலாவதைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. காய்ச்சலோடு யாரும் வகுப்புக்கு வர வேண்டாம். நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

இதற்கு இங்கிலாந்துதான் நல்ல உதாரணம். அங்கே பள்ளிகளில் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, அதற்கு 'பபிள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவருக்குத் தொற்று என்றால் பல இடங்களில் அந்தக் கூட்டமே வீட்டுக்குப் போனது. 2021 ஜூலை நடுவில் ஒரே நாளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கொரோனா காரணமாகப் பள்ளிக்கு வரவில்லை. அவர்களில் தொற்று உறுதியானவர்கள் 50 ஆயிரத்துக்கும் குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோர் 'தொடர்பில் இருந்தவர்கள்' மட்டுமே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்மையில் குணமான பிள்ளைக்கும் விலக்கு கிடையாது. தொற்று வந்து 90 நாள் ஆகாதவர்கள் வழக்கமான சோதனை செய்துகொள்ள வேண்டாம் என்றார்கள். உடம்பில் மிச்சமிருக்கும் வைரஸ் துணுக்குகளாலேயே பிசிஆர் சோதனை 'பாசிட்டிவ்' காட்டலாம் என்பது காரணம். சரியான காரணம்தான். ஆனால் அதே 90 நாளுக்குள் நோயாளியின் அருகில் இருந்துவிட்டால் வீட்டில் இரு என்றார்கள்! அமெரிக்காவின் சிடிசி 2020-லேயே வேறு முடிவுக்கு வந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் குணமானவருக்குப் புதிய அறிகுறி இல்லையென்றால் தனிமை தேவையில்லை என்றது.

எது சரி? இங்கிலாந்தின் சொந்த ஆய்வே சிடிசி பக்கம்தான் சாய்ந்தது. மருத்துவ ஊழியர்களிடம் நடந்த 'சைரன்' ஆய்வின் முடிவு 2021 ஜனவரியில் வெளிவந்தது. ஏற்கெனவே தொற்று வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 83 சதவீதம் குறைவு, அதுவும் குறைந்தது ஐந்து மாதத்துக்கு. அப்படியென்றால் நாலு வாரத்துக்கு முன் குணமான பிள்ளை, வகுப்பிலேயே ஆபத்து குறைந்த பிள்ளைகளில் ஒன்று. அவனையே முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்ன நியாயம்?

மறுதரப்பையும் பார்க்க வேண்டும். சைரன் ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது, பிள்ளைகளிடம் அல்ல. எதிர்ப்புச் சக்தி நாளாக நாளாகக் குறையும். வீட்டில் தாத்தா பாட்டி இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வைரஸும் மாறிக்கொண்டே இருக்கும். 2021 கடைசியில் ஒமிக்ரான் வந்தபோது இதைப் பார்த்தோம். கத்தார் நாட்டு ஆய்வில், பழைய தொற்று தந்த பாதுகாப்பு டெல்டாவுக்கு எதிராக 90 சதவீதம் அளவில் இருந்தது, ஒமிக்ரானுக்கு எதிராக 56 சதவீதமாக இறங்கிவிட்டது. ஆகவே "ஒருமுறை வந்துவிட்டது, இனி கவலையில்லை" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல பிள்ளைகளுக்கு அறிகுறியே இல்லாமல் கொரோனா வந்து போனது. அவர்களிடம் சோதனைச் சீட்டு இல்லை. சீட்டு உள்ளவனுக்கு மட்டும் விலக்கு என்றால், சோதனை வசதி கிடைத்த குடும்பத்துக்குத்தான் லாபம். இதற்கும் ஒரு வழி இருந்தது. 2021-இல் இங்கிலாந்தில் 201 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. தொடர்பில் இருந்தவர்களைப் பத்து நாள் வீட்டில் வைப்பதற்குப் பதிலாக, தினமும் துரிதச் சோதனை செய்து வகுப்பில் உட்கார வைத்தார்கள். வீட்டில் வைத்த பள்ளிகளோடு ஒப்பிட்டால் தொற்று குறிப்பிடும்படி கூடவில்லை. கடைசியில் 2021 ஆகஸ்ட் 16 முதல் 18 வயது ஆகாத எல்லோருக்குமே இந்தத் தனிமை விதியை எடுத்துவிட்டார்கள்.

என் முடிவு இதுதான். அண்மையில் குணமான, அறிகுறி இல்லாத பிள்ளையை மறுபடி அடைத்து வைக்கக் கூடாது. ஆனால் அந்த விலக்குக்கு ஒரு காலக்கெடு வேண்டும். 90 நாள் என்பது நியாயமான கெடு. அந்த நாட்களில் முகக்கவசம் போடட்டும், வயதானவர்களிடமிருந்து கொஞ்சம் விலகி இருக்கட்டும், தொண்டை கரகரத்தால் அன்றே வீட்டில் இருக்கட்டும். வைரஸ் மாறினால் கெடுவையும் மாற்ற வேண்டும்.

பெரியவர்களுக்குப் பத்து நாள் என்பது வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பத்து நாளாக இருக்கலாம். 2020 நவம்பரில் தனிமைக்குப் போன பிரதமர் போரிஸ் ஜான்சன் வீடியோவில் நாட்டை நடத்தினார். ஒரே போனை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டுப் பிள்ளைக்குப் பத்து நாள் என்றால் பத்து நாள் பாடம் போய்விட்டது என்று அர்த்தம். விதி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே? 90 நாள் போதுமா, அதிகமா?