பேனாவுக்குப் பக்கத்தில் என்ன பேனா?

பேனாப் பித்தர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் சண்டை மூட்ட லாமி சஃபாரி என்ற பெயரே போதும். "கொடுத்த காசுக்கு மோசமில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்பார் ஒருவர். "வெறும் பிளாஸ்டிக்குக்கா இந்த விலை?" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். முதலாமவர் ஜெர்மனியில் வாங்கியிருப்பார், அடுத்தவர் ஜப்பானில்.

சஃபாரி 1980-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து லாமி நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த பேனா. விரல் சரியான இடத்தில் உட்கார வேண்டும் என்று கழுத்தின் இரு பக்கத்தையும் சீவி விட்டிருப்பார்கள். மை எவ்வளவு பாக்கி என்று தெரிய உடம்பில் ஒரு நீள ஓட்டை. அங்கே சுமார் 20 யூரோவுக்குக் கிடைக்கும், பையன் தொலைத்துவிட்டு வந்தால் அம்மா திட்டிவிட்டு இன்னொன்று வாங்கித் தருவார். நம் ஊரில் அது ரெண்டாயிரத்தைத் தாண்டும் பொருள், பிறந்தநாள் பரிசு, கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் சமாச்சாரம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அந்தப் பள்ளத்தில் தன் தடித்த விரலைத் திணித்துக்கொண்டு, "என்ன டிசைன் பாருங்க சார்!" என்று வியக்கிறார். விரல் வலிக்கிறதா என்று கேட்டால், பழகிவிடும் என்கிறார். இரண்டாயிரம் கொடுத்தவர் வேறென்ன சொல்வார்?

ஜப்பானில் பிள்ளைகளுக்கான பேனா வேறு. பைலட் நிறுவனத்தின் ககூனோ, 2013-இல் வந்தபோது 1,000 யென். நிப்பில் ஒரு சிரிக்கும் முகம் பொறித்திருக்கும். அந்த முகம் நம்மைப் பார்த்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். அது இருக்கும் கடையில், அதைப்போல் சில மடங்கு விலை போட்டு வந்து உட்காரும் சஃபாரிக்கு யார் நல்ல வார்த்தை சொல்வார்கள்? ஒரு பேனாவின் தரம் அதன் நிப்பில் பாதி, கடையில் அதற்குப் பக்கத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்பதில் பாதி.

பைலட் கஸ்டம் 74-ஐப் பாருங்கள். பதினான்கு காரட் தங்க நிப்பு. ஜப்பானில் வெகுகாலம் வரி நீங்கலாக 10,000 யென், அன்றைய கணக்கில் ஏறக்குறைய 90 டாலர். தங்க நிப்பில் எழுதிப் பார்க்க ஆசைப்படும் சம்பளக்காரருக்கு முதல் படி. அதே பேனா அப்போது அமெரிக்கக் கடையில் 160 டாலர். அங்கே அதன் அக்கம்பக்கத்தில் இருப்பதோ 1966 முதல் உலகம் கொண்டாடும் லாமி 2000. உடனே கஸ்டம் 74 "அழகில்லாத, ஆபீஸ் குமாஸ்தா பேனா" ஆகிவிடுகிறது. டோக்கியோவில் லாமி 2000-இன் எகிறிய விலையைப் பார்த்தால் பேச்சே மாறிவிடும்.

விலை அபிப்பிராயத்தை மட்டுமல்ல, கைவேலையையும் மாற்றுகிறது. பிளாட்டினம் ப்ரெப்பி ஆரம்பத்தில் 200 யென் பேனா. அதற்கு மை உறிஞ்சும் கன்வர்ட்டர் தனியே வாங்கினால் பேனாவை விட அதிகம். எனவே மரையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, சிலிக்கோன் கிரீஸ் தடவி, உடம்பு முழுக்க நேரே மையை ஊற்றிவிடுகிறார்கள் வெளிநாட்டு ஆர்வலர்கள். பெரிய கண்டுபிடிப்பு போலப் பேசுகிறார்கள். இங்க் ஃபில்லரால் மை ஊற்றி, கசிந்ததைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு தேர்வு எழுதிய நம் தலைமுறைக்கு இதில் சிரிப்புதான் வரும்.

நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய சீனத்து ஹீரோ பேனாவின் தங்க நிற மூடி சட்டைப்பையில் தெரிய நடந்தவர்கள் எத்தனை பேர்! ஷாங்காயில் அது மாணவனும் எழுத்தரும் வைத்திருந்த சாதாரணப் பேனா. கடல் தாண்டியதும் "ஃபாரின்" ஆனது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபனைட் என்ற கடின ரப்பர் கட்டையைக் கடைசலில் பிடித்துக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் தனியாகக் கடைந்து தரும் பேனாவுக்குப் பல நூறு டாலர் கேட்பார்கள். அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பவருக்கு நம் பேனா கொள்ளை மலிவு, ஆகவே அற்புதம். நம்மவரோ அதை, பள்ளியில் எழுதிய கேம்லினுக்குப் பக்கத்தில் வைக்கிறார். "லோக்கல் பேனாதானே, கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்கிறார். அதிலேயே ஜெர்மன் நிப்பு பொருத்தி விலையைக் கூட்டிச் சொன்னால், பேரம் பேசாமல் பர்ஸைத் திறக்கிறார்.