வெண்பாவும் விளையாட்டும்

வெள்ளவத்தையில் என்னிடம் யாப்பிலக்கணம் பயிலும் மாணவனொருவன், சென்ற கிழமை, "ஐயா, நீங்கள் வெண்பா விளையாடியிருக்கிறீர்களா?" என்று வினவினான். வெண்பாப் பாடியதுண்டு, விளையாடியதில்லை. பிள்ளை பிழைபடப் பேசுகிறான் என்றெண்ணித் திருத்த முற்பட்டேன். திருத்தம் பெற்றவன் நானே.

'வெண்பா' என்பது 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கணினி விளையாட்டு. ஆக்கியது ரொறன்ரோ நகரின் 'விசை' என்னும் சிறு நிறுவனம். முன்னின்றவர் அபி என்னும் தமிழ் இளைஞர். கனடாவிற் குடியேறிய தமிழ்த் தாயொருத்தி, தன் அன்னை தந்த சமையற் குறிப்பேட்டைப் பார்த்து இட்டலியும் புட்டும் ஆக்குகிறாள். ஏடோ சிதைந்துள்ளது. விடுபட்ட செய்முறையை உய்த்துணர்வதே ஆடுவோர் பணி. சிதைந்த சுவடிகளை ஒப்புநோக்கி 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த நம் தாமோதரம்பிள்ளை பட்ட பாட்டின் சிறு சாயல் இதிலுண்டு. 2024இல் இவ்விளையாட்டுப் பிரித்தானியாவின் பாஃப்டா பரிசு பெற்றது.

விளையாட்டு ஆக்குவது வீணர் தொழில் என்போர் நம்மிற் பலர். அத்தொழில் வீடுகளிற் புகுந்த வரலாற்றை அவர்கள் நோக்குதல் வேண்டும். 1982இற் பிரித்தானியாவில் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினி விற்பனைக்கு வந்தது. வீட்டுத் தொலைக்காட்சியே அதன் திரை. ஒலிநாடாவே அதன் ஏடு. அவ்வாண்டே டிம், கிறிஸ் ஸ்டாம்பர் என்னும் சகோதரர், ஆஷ்பி என்னும் சிற்றூரில், உற்றார் சிலரோடு விளையாட்டு நிறுவனமொன்றைத் தொடங்கினர். 1983இல் வெளியிட்ட 'ஜெட்பாக்' விளையாட்டை 16 கிலோபைட் நினைவகத்துள் அடக்கினர். ஆங்கில எழுத்துப் பதினாறாயிரத்துச் சொச்சம் கொள்ளும் இடம் அது. படம், ஒலி, விதி யாவும் அதனுள் அமைதல் வேண்டும்.

நேரிசை வெண்பா இயற்றுவோன் நிலையும் இஃதேயன்றோ? நான்கடி, பதினைந்து சீர். தளை வழுவலாகாது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாதல் வேண்டும். நாகபந்தம், இரதபந்தம் எனச் சொல்லைச் சித்திரத்துள் அடைத்து விளையாடியவரும் நம் புலவரே. குறுகிய இடத்தில் நிறைந்த பொருளை வைக்கும் ஆற்றல் நமக்குப் புதிதன்று.

கண் கெடும், காலம் கெடும் என்பர் பெற்றோர். மெய்யே, அளவிறந்த எதுவும் கேடுதான். ஆயினும் பிள்ளைகள் ஆடத்தான் போகிறார்கள். எவர் ஆக்கியதை, எம்மொழியில் ஆடுவர் என்பதே வினா.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிரல் எழுத வல்ல தமிழ்ப் பிள்ளைகள் உளர். கதை புனையவும் வழுவின்றி உரையாடல் வரையவும் அவர்களுக்குத் துணை வேண்டும். அத்துணையை ஆசிரியராகிய நாம் அளியாது, தமிழ் தேய்கிறதென்று மேடைதோறும் புலம்புவது முறையாகுமா?

யாப்பு வகுப்பின்பின் ஒரு மணி நேரத்தை அம்மாணவனுக்கும் அவன் தோழருக்கும் ஒதுக்கியுள்ளேன். அவர்கள் நிரல் எழுதட்டும்; நான் சந்தி திருத்துகிறேன். இதற்கிடையில் வெண்பா விளையாடவும் பழகி வருகிறேன். முதல் இட்டலி கெட்டுவிட்டது, மாணவன் பொறுமையுள்ளவன்.