மூன்று மூட்டையும் பத்துக் கிலோவும்

சென்ற பங்குனி மாதத்தில் நம் வீட்டு மாவடு உப்பாய்க் கரித்துப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். வாசகர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இவ்வாரம் எழுத எண்ணிய விஷயம் கணினியைப் பற்றியது. ஆயினும் அந்த மாவடு ஜாடியைத் தாண்டித்தான் அதற்குப் போக வேண்டியிருக்கிறது.

நம் பாட்டியார் கைப்பட எழுதி வைத்த ஊறுகாய்க் குறிப்பு ஒன்று வீட்டில் உண்டு. மாவடு எட்டுப் படி, உப்பு ஒரு படி, மிளகாய் வற்றல் பத்துப் பலம் என்று அதில் கண்டிருக்கிறது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போனோம். ‘பலம்’ என்ற சொல்லைக் கேட்டதும் மளிகைக் கடைப் பையன் நம்மை ஏற இறங்கப் பார்த்தான். அவன் மேல் குற்றமில்லை. 1958-இல் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கிய பின்னர் வீசையும் பலமும் கடைத்தெருவை விட்டு மெல்ல மெல்ல மறைந்து போயின. நாற்பது பலம் ஒரு வீசை. வீசை என்பது ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம். ஆகவே முந்நூற்றைம்பது கிராம் போடு என்று சொன்னதும் பையன் நிறுத்துக் கொடுத்தான்.

‘படி’ விஷயத்தில் அத்தகைய தகராறு ஒன்றும் எழவில்லை. கூடைக்கார அம்மாள் தம் படியால் எட்டு அளந்து போட்டார். வீட்டுக்கு வந்து உப்பை நம் வீட்டுப் பழைய படியால் அளந்து கொட்டினோம். அதுவோ பட்டணம் படி. கூடைக்கார அம்மாளுடையதைக் காட்டிலும் நன்றாகவே பெரியது. ஒரு வாரம் கழித்து ஜாடியைத் திறந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. புரியாத சொல் கடையிலேயே நம்மை நிறுத்தி வைத்துக் காப்பாற்றிற்று. புரிந்த சொல்லல்லவா காலை வாரிவிட்டது!

அன்றைய தினமே, மார்க்கெட்டின் உட்புறத்தில் காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருக்கும் நம் பழைய மாணாக்கர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரலாமென்று போனோம். தந்தையார் காலத்துக்குப் பின் மண்டியை அவரே நடத்தி வருகிறார். விடியற்காலை லாரிகள் வந்து இறங்கி ஓய்ந்திருந்த நேரம். மாணாக்கர் முகம் வாடியிருந்தது.

“ஸார், என் புரோகிராம் போய்விட்டது ஸார். மூலநிரல் முழுவதும் பென்டிரைவில் பத்திரமாக இருக்கிறது. இருந்தும் ஓட மாட்டேன் என்கிறது” என்றார்.

அந்தப் புரோகிராமுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 2011-இல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற இயங்குதளமும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் ஸொல்யூஷன்ஸ் என்பது அதன் முழுப் பெயர். சென்னையிலுள்ள ஸி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. அத்தகைய மடிக்கணினியில், 2013-இல், கல்லூரி விடுமுறையின்போது, தந்தையாருக்காக இவர் பைத்தன் மொழியில் எழுதிய நிரல் அது. எந்த ஊர் விவசாயி, எத்தனை மூட்டை, என்ன எடை, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, இறக்குக் கூலி எவ்வளவு, கைக்குக் கிடைக்கும் தொகை எவ்வளவு என்று தமிழில் சீட்டு அச்சிட்டுத் தரும். பத்தாண்டுக்கு மேல் தடங்கலின்றி உழைத்தது. மடிக்கணினி மட்டும் ஒருநாள் கண்ணை மூடிவிட்டது. புதுக் கணினி வாங்கி, அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பை ஏற்றி, பழைய நிரலை வைத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே முரண்டு!

மூலநிரல் கையில் இருந்தும் ஏன் ஓடவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். பாட்டியாரின் குறிப்பு கையில் இருந்தும் நமக்கு மாவடு வாய்க்காத காரணமேதான். எந்த நிரலும் தனியாக நிற்பதில்லை. திரையில் ஜன்னல் வரைவதற்கும், எழுத்தைக் காகிதத்தில் அமைப்பதற்கும், கணக்கைக் கோப்பில் சேமிப்பதற்கும் பிறர் முன்பே எழுதி வைத்த நிரல்களை அது துணைக்கு அழைக்கிறது. அந்தத் துணை நிரல்களின் தொகுப்புக்கு ‘லைப்ரரி’ என்று பெயர். துணைக்கு மேலும் துணை, அதற்கும் ஒரு துணை என்று கொடி போலப் படர்ந்து போகும். இந்தச் சார்புகளில் ஒன்று பெயர் மாறினாலும் குணம் மாறினாலும் மேலே நிற்பது ஆடிப்போகிறது.

நம் மாணாக்கரின் நிரல் பைத்தன் 2 என்ற பதிப்பில் எழுதப்பட்டது. பைத்தன் 3 என்பது 2008-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் பழையதை விட மனமில்லாதவர்கள் உலகெங்கும் இருந்தபடியால் பதினோரு ஆண்டு அவகாசம் கொடுத்து, 2020 ஜனவரி 1-ஆம் தேதியுடன் பழையதற்கான ஆதரவை முடித்துக்கொண்டார்கள். டெபியன் 12-இல் அது அறவே நீக்கப்பட்டிருக்கிறது.

மாணாக்கர் சளைக்கவில்லை. பைத்தன் 2-இன் கடைசி வெளியீடான 2.7.18-இன் மூலத்தையே இறக்கித் தம் கையால் கட்டினார். அது ஒருவாறு எழுந்து நின்றது. அடுத்தாற்போல், ஜன்னல் வரைவதற்கு அவர் நம்பியிருந்த பைஜிடிகே வேண்டும். அதன் கடைசி வெளியீடு 2011-இல் வந்தது. அதைக் கட்ட பைஜிஆப்ஜெக்ட் வேண்டும். புதியது உதவாது, இரண்டாம் வரிசைப் பழையதே வேண்டும். பழையதைக் கட்டப் போனால், அதன் அடியிலுள்ள லைப்ரரிகள் இதற்குள் பல படி முன்னேறிவிட்டிருந்தன. அவற்றையும் பழையதாக வைத்தால் புதுக் கணினியின் மற்ற நிரல்கள் மூச்சு விடா. இப்படி நான்கு இரவுகள் போயின. திரை நிறையச் சிவப்பு வரிகள் ஓடுவதைப் பார்த்து மண்டிக் கணக்குப்பிள்ளை, “தம்பி, நாலு ராத்திரியிலே நான் நாலு பேரேடு எழுதி முடிச்சிருப்பேனே” என்றாராம்.

காந்தி மார்க்கெட்டில் இருப்பவர்களுக்கு இது புதிய அனுபவமன்று. 2017-இல் பல கோடி ரூபாய் செலவில், ஊருக்கு வெளியே கள்ளிக்குடியில் புதிய வணிக வளாகம் கட்டித் திறந்தார்கள். கட்டடத்தில் குறையில்லை, வியாபாரிகள்தாம் போகவில்லை. கடை என்பது நான்கு சுவரும் ஒரு ஷட்டருமா? சுமை இறக்குவோர், தள்ளுவண்டிக்காரர், சில்லறை வாங்குவோர், சாக்கு வியாபாரி, டீக்கடை, விடியற்காலைப் பேருந்து எல்லாம் சேர்ந்தல்லவா மண்டி! 2020-இல் கொரோனாவை முன்னிட்டு மார்க்கெட்டை மூடி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றிய மாதங்களிலும் இந்தச் சார்புகளின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. அதிகாரிகள் பேரில் குறை சொல்வது நம் நோக்கமன்று. நெரிசல் மிகுந்த அந்தச் சந்துகளைப் பார்த்தவர் எவரும் இடமாற்றம் வேண்டாமென்று சொல்லத் துணியமாட்டார். கட்டடத்துக்குப் போட்ட கணக்கில் பத்தில் ஒரு பங்கு சார்புகளுக்கும் போட்டிருக்கலாம் என்பதே நம் அபிப்பிராயம்.

இந்தச் சங்கிலியில் எவ்வளவு சிறிய கண்ணி அறுந்தாலும் போதும். 2016 மார்ச் மாதத்தில் ஒருவர் தம் மனஸ்தாபத்தால், ‘லெஃப்ட்-பேட்’ என்ற பதினொரு வரி நிரலைப் பொது மன்றத்திலிருந்து எடுத்துவிட்டார். சொல்லின் இடப்புறம் இடைவெளி நிரப்புவதே அதற்கு வேலை. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான நிரல்கள், பெரிய கம்பெனிகளுடையவை உட்பட, கட்ட முடியாமல் சில மணி நேரம் நின்றன.

சுதேசி அபிமானிகள் இதைக் கேட்டு, வெளியார் லைப்ரரியே வேண்டாம், எல்லாவற்றையும் நாமே எழுதுவோம் என்று கிளம்பக் கூடும். நம்முடைய ‘பாஸ்’ இயங்குதளமும் டெபியனை ஆதாரமாகக் கொண்டதே. டெபியனோ பல தேசத்துத் தொண்டர்கள் கூடிச் செய்வது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொதுச் சொத்தில் நமக்கும் பாத்தியதை உண்டு. ஆனால் பாத்தியதை கொண்டாடுகிறவர்கள் மராமத்துக்கும் ஆள் அனுப்ப வேண்டும். அப்படிச் செய்கிறவர்களும் தமிழரில் இருக்கிறார்கள். ஸ்ரீ முத்து அண்ணாமலை அவர்கள் குழந்தைகள் தமிழிலேயே நிரல் எழுதட்டும் என்று ‘எழில்’ என்ற மொழியை பைத்தனின் மேல் கட்டினார். அதன் தொடர்பாய் வளர்ந்த ‘ஓப்பன்-தமிழ்’ லைப்ரரி, தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வேலையைச் செய்கிறது. இது நம் மாணாக்கருக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

ஐந்தாம் நாள் மாணாக்கர் வேறு வழியில் இறங்கினார். பழையதை எழுப்புவதை விட்டு, நிரலையே பைத்தன் 3-க்கு மாற்றிவிடுவது என்று தீர்மானித்தார். அதற்கென்றே ‘2-டு-3’ என்றொரு கருவி உண்டு. பழைய இலக்கணத்தைப் புதிய இலக்கணமாகத் தானே திருத்திக் கொடுக்கும். (2024-இல் வந்த 3.13 பதிப்பிலிருந்து அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.) மீதியைக் கையால் திருத்தினார். ஜன்னல் திறந்தது. 120 கிலோ, 200 கிலோ என்று இரண்டு மாதிரிச் சீட்டுப் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தன. மறுநாள் விடியற்காலை முதல் மண்டியில் ஓட விட்டார்.

மூன்றாம் நாள், ஒரு சீட்டைக் கையில் எடுத்த கணக்குப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். எடை 130 கிலோ. நாற்பது கிலோ மூட்டை எண்ணூறு ரூபாய். உதிரி கிலோ இருபது ரூபாய். சீட்டில் ‘3 மூட்டை, 10 கிலோ’ என்று சரியாகத்தான் அச்சாகியிருந்தது.

“மூவெட்டு இருபத்துநாலு, ரெண்டாயிரத்து நானூறு. அதோட உதிரி இருநூறு. ரெண்டாயிரத்து அறுநூறுதானே ஆகணும்? இதிலே ரெண்டாயிரத்து எண்ணூறுன்னு இருக்கே, தம்பி!”

எங்கிருந்து வந்தது அந்த இருநூறு? பைத்தன் 2-இல் 130-ஐ 40-ஆல் வகுத்தால் 3 என்று விடை வரும்; முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை உதறிவிடுவது அதன் வழக்கம். பைத்தன் 3-இல் அதே வகுத்தல் குறி 3.25 என்று விடை சொல்லும். ஆகவே மீதியான பத்துக் கிலோ, கால் மூட்டையாக ஒரு முறையும் உதிரியாக இன்னொரு முறையும் விலை பெற்றுவிட்டது. சீட்டில் அச்சிடும் கட்டளையோ முழு எண் மட்டும் அச்சிடும்படி எழுதப்பட்டிருந்ததால், 3.25 என்பது வெறும் மூன்றாகவே காகிதத்தில் விழுந்தது. மாற்றும் கருவி இதைக் கண்டுகொள்ளாது. குறி ஒன்றுதானே! எழுதியவர் மனத்தில் முழு எண் இருந்ததா, பின்னம் இருந்ததா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? மாதிரிக்குப் போட்ட 120-ம் 200-ம் நாற்பதால் மீதியின்றி வகுபடுபவை; அவற்றில் இந்தப் பிழை தலைகாட்ட இடமே இல்லை.

கூடுதலாகப் போன பணத்தை மாணாக்கர் விவசாயிகளிடம் திரும்பக் கேட்கவில்லை. “இது என் தலையில் விழுந்ததால் கணக்குப்பிள்ளை கண்ணில் பட்டது, ஸார். பின்னம் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தால் அவர்கள் பணம் குறைந்திருக்கும். சீட்டை நம்பி வாங்கிக்கொண்டு லாரி ஏறிப் போயிருப்பார்கள்” என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் நமக்கும் சிறிது நேரம் பேச்சு எழவில்லை.

நாம் கணினி நிபுணரல்ல. ஆயினும் வாத்தியார் என்ற பாத்தியத்தில் ஒரு யோசனை சொன்னோம். விடைத்தாளைத் திருத்துவதற்குப் பழைய விடைப் புத்தகம் வேண்டாமா? பழைய நிரலைப் பழைய சூழலிலேயே எப்படியாவது ஓட வைத்து, அது சொல்லும் விடையுடன் புதியதை ஒப்பிட்டால் என்ன என்று கேட்டோம். அவர் துள்ளி எழுந்தார். டெபியன்காரர்கள் பழைய தொகுப்புகளையெல்லாம் தேதிவாரியாக ஒரு காப்பகத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து 2013-இல் வந்த டெபியன் 7-ஐ எடுத்து, புதுக் கணினிக்குள் ஒரு கற்பனைக் கணினியை உண்டாக்கி அதில் ஏற்றினார். நான்கு இரவு அலைந்தும் கிடைக்காத பைஜிடிகே அங்கே ஆயத்தமாகக் காத்திருந்தது! நிரல் ஒரே மாலையில் ஓடிற்று. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பழைய பதிப்பாதலால் அதற்கு இணையத் தொடர்பு கொடுக்கவில்லை. பழைய வீட்டில் விருந்தாளியாகத் தங்கலாம், குடியிருக்க முடியாது.

கணக்குக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது எஸ்கியூலைட் 3 என்ற லைப்ரரியால் எழுதப்பட்டது. 2004-இல் வகுத்த கோப்பு அமைப்பை இன்றளவும் அவர்கள் கைவிடவில்லை; 2050 வரை ஆதரிப்பதென்றும் அறிவித்திருக்கிறார்கள். பழைய கணினியிலும் புதியதிலும் அந்தக் கோப்பு முதல் தட்டிலேயே திறந்தது. நான்கு இரவுத் தவிப்புக்கிடையில் அவருக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றே.

ஒரு மாதத்துச் சீட்டுகள் அனைத்தையும் இரண்டு நிரல்களிலும் போட்டு, வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். வகுத்தல் பிழை இன்னும் இரண்டு இடங்களில் அகப்பட்டது. மற்றொன்று பெயரில். பழைய பைத்தனில் சொல்லின் நீளம் பைட் கணக்கில் எண்ணப்படும். ‘முத்துக்குமார்’ என்பது நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் பதினான்கு குறி. சேமிப்பில் நாற்பத்திரண்டு பைட். சீட்டில் பெயருக்கு முப்பது பைட் ஒதுக்கியிருந்தார். அதாவது பத்துக் குறி. பைத்தன் 3-இல் அதே முப்பது, முப்பது குறியாகிவிட்டதால் நீண்ட பெயர்கள் தொகைக் கட்டத்துக்குள் புகுந்தன. ‘ஓப்பன்-தமிழ்’ லைப்ரரியைக் கொண்டு எழுத்தை எழுத்தாகவே எண்ணி, கட்டத்தையும் சற்று அகலமாக்கிச் சரிசெய்தார்.

சித்திரை பிறந்த பின் ஒருநாள் மண்டிக்குப் போயிருந்தோம். மணப்பாறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கையில் புதுச் சீட்டு. பத்தாண்டாக அவர் பெயர் பத்தாவது குறியில் வெட்டுண்டு, ‘முத்துக்கு’ என்றே அச்சாகி வந்திருக்கிறது. பணம் முத்துக்குத்தானே, இருக்கட்டும் என்று அவரும் வாங்கிப் போயிருக்கிறார். இப்போது கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, கணக்குப்பிள்ளையிடம் சீட்டை நீட்டினார்.

“பிள்ளைவாள், யாரோ முத்துக்குமார் சீட்டு எங்கிட்டே வந்திருக்கு. என்னுதைக் கொடுங்க.”