கேரவனின் வாலில் ஒரு ஸ்கூட்டர்

ஊட்டி அருகே தலைக்குந்தாவைத் தாண்டி, சோலூர் பக்கம் போகும் வழியில் ஒரு கேரவனைப் பார்த்தேன். பின்புறம் இரும்புக் கேரியர் பற்றவைத்து, அதில் ஸ்கூட்டரைக் கட்டியிருந்தார்கள். வண்டியின் நம்பர் பிளேட் தெரியவில்லை. பிரேக் விளக்கில் பாதி மறைந்திருந்தது. பின்னால் கேரட் மூட்டையோடு ஒரு பிக்கப், அதற்கு முன் புகுந்துவிட்ட பைக்கில் ஒரு தம்பதி. அந்த இருவரை நினைத்துத்தான் எனக்கு வயிறு கலங்கியது.

ஆசையில் தவறில்லை. கேரவனை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு கிளன்மார்கன் பக்கம் ஸ்கூட்டரில் சுற்றிவரலாம். குறுகலான தோட்டச் சாலைக்கு அதுதான் ஏற்ற வண்டி. ஆனால் அதை மலைக்கு எப்படிக் கொண்டுவருவது?

கட்டி இழுத்துவர நம் சட்டத்தில் இடமில்லை. 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் இழுத்துச் செல்ல அனுமதித்தவை பழுதான வண்டி, முழுமையாகப் பாகங்கள் பொருத்தப்படாத வண்டி, பதிவுபெற்ற டிரெய்லர், சைடுகார் ஆகியவற்றை மட்டுமே. பழுதான வண்டிக்கும் அப்போது மணிக்கு 24 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. நன்றாக ஓடும் ஸ்கூட்டர் இந்தப் பட்டியல் எதிலும் சேராது.

கேரியரில் தூக்கி வைத்தால் அது சுமை. அனுமதித்த அளவைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். இறக்கிவைக்கும் செலவும் நம்முடையதே. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பட்டறையில் பற்றவைத்த கேரியரை இந்தத் தீர்ப்புக்கு எதிரே வைத்து நியாயப்படுத்துவது கடினம்.

அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும். எடைக் கணக்கு அப்படியல்ல. ஸ்கூட்டர் 110 கிலோ என்று கொள்வோம். பின் அச்சிலிருந்து இரண்டரை மீட்டர் பின்னால் அது தொங்குகிறது. கேரவன் வேனின் இரு அச்சுகளுக்கும் இடையே 3.35 மீட்டர். நெம்புகோல்போல அந்த எடை முன் அச்சிலிருந்து சுமார் 82 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பின் அச்சில் 192 கிலோ கூடுகிறது. ஏற்றத்தில், ஈரச் சாலையில், ஸ்டியரிங் பிடிமானம் குறைவது இதனால்தான். கொண்டை ஊசி வளைவில் முகப்பு உள்ளே திரும்பும்போது வால் வெளியே வீசும். எதிரே வரும் பேருந்துக்காரர் வேனின் அகலத்தைத்தான் பார்த்து ஒதுங்குவார். ஸ்கூட்டரின் கைப்பிடி அவர் கண்ணில் படாது.

கல்லட்டியின் 36 வளைவுகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. 2018 அக்டோபரில் அங்கே ஒரு கார் பள்ளத்தில் உருண்டு ஐந்து பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய இருவரை இரண்டு நாள் கழித்தே கண்டுபிடித்தார்கள். அது வெறும் கார்தான், வாலில் சுமை கட்டிய வேன் அல்ல.

கேரவன் சுற்றுலாவை அரசுகள் ஊக்குவிக்கின்றன. கேரளம் 2021-இலேயே தனிக் கொள்கை அறிவித்தது. அழைப்பவர்கள் கேரியருக்கும் தரம் வகுக்க வேண்டும்: எவ்வளவு எடை, எவ்வளவு நீளம், விளக்கும் எண்ணும் எங்கே என்று. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் இருக்கிறது. வண்டியின் பின்னால் எதையாவது கட்டியிருக்கிறீர்களா என்ற ஒரு கேள்வியை அதில் சேர்க்கலாம். ‘ஆம்’ என்பவர்கள் ஸ்கூட்டரை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டு, ஊட்டியில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும்.